உறைநிலைக் கருவும் உரிய நாளும்

தானா ராத்தாவைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் வளர்ந்தோர்க்குப் பருவத்தின் அருமையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கொழுந்து கிள்ளும் நாள் பிந்தினால் இலை முற்றிவிடும். முந்தினால் எடை குறையும். மனிதக் கரு தாயின் கருப்பையில் பதிவதற்கும் இத்தகைய பருவம் ஒன்று உண்டு. உறையவைத்த கருவைக் கருப்பையில் சேர்க்கும் மருத்துவ முறை அப்பருவத்தை எவ்வாறு பேணுகிறது என்பதை இவ்வுரையில் காண்போம்.

முதலில் கருவின் வளர்ச்சியை நாட்கணக்கில் அறிவோம். ஆய்வகத்தில் முட்டையும் விந்தணுவும் இணைந்தபின், இரண்டாம் நாள் கரு நான்கு உயிரணுக்களாகவும், மூன்றாம் நாள் ஏறத்தாழ எட்டாகவும் பெருகும். நான்காம் நாள் அவை நெருங்கித் திரளும். ஐந்தாம் நாள் அத்திரளின் உள்ளே நீர் நிறைந்த குழி தோன்றும். பிளாஸ்டோசிஸ்ட் எனப்படும் இந்நிலையைக் கருக்கோளம் என்று நாம் வழங்கலாம். இதன் உட்திரள் குழந்தையாகவும், வெளியடுக்கு நஞ்சுக்கொடியாகவும் வளரும். சில கருக்கள் இந்நிலையை ஆறாம் நாளிலும், மிகச் சில ஏழாம் நாளிலும் எட்டுகின்றன.

இது கருவின் கடிகாரம். கருப்பைக்கோ தனியொரு கடிகாரம் உண்டு. முட்டை வெளிப்பட்டபின் சுரக்கும் புரோஜெஸ்டிரோன், கருப்பையின் உட்சவ்வைப் பக்குவப்படுத்துகிறது. ஏறத்தாழ ஆறாம் நாள் முதல் பத்தாம் நாள் வரையே அச்சவ்வு கருவை ஏற்கும். அதற்குமுன் வந்தாலும் பின் வந்தாலும் கரு பதிவது அரிது.

உறையவைத்தலின் பயன் இங்குதான் விளங்கும். நீர்ம நைட்ரஜனில், −196 பாகை செல்சியசில், கருவின் கடிகாரம் நின்றுவிடுகிறது. மருத்துவர் கருப்பையின் கடிகாரத்தை உரிய இடத்துக்குக் கொண்டுவந்தபின் கருவை உருக்கிச் சேர்க்கிறார். மூன்றாம் நாள் நிலைக் கருவாயின் புரோஜெஸ்டிரோன் தொடங்கிச் சுமார் மூன்று நாளும், கருக்கோளமாயின் சுமார் ஐந்து நாளும் கடந்தபின் சேர்ப்பது வழக்கம். ஆறாம் நாளில் கருக்கோளமானதையும் பொதுவாக இந்த ஐந்து நாள் கணக்கிலேயே சேர்க்கின்றனர். ஏனெனில் கணக்கில் கொள்வது கருவின் வயதையன்று, அது எட்டிய நிலையையே.

அவ்வாறாயின், பிந்தி வளர்ந்த கருவுக்குக் குறையே இல்லையா? உண்டு. நாள் பொருந்தினாலும், ஐந்தாம் நாள் கருக்கோளங்கள் ஆறாம் நாளுக்குரியவற்றைவிடச் சராசரியாக மிகுதியாய்ப் பதிகின்றன. ஏழாம் நாளுக்குரியவை இன்னும் குறைவாகவே பதிகின்றன. மெதுவாக வளர்ந்தவற்றில் நிறப்புரிக் குறைபாடு மிகுதி என்பது ஒரு காரணம். எனினும் அவற்றிலிருந்தும் நலமுள்ள குழந்தைகள் பிறந்துள்ளனர். பிந்தியது என்பதால் மட்டும் ஒரு கருவைத் தள்ளிவிடலாகாது.

இக்கருத்துக்கு முன்னோடியாய் நின்றவர் கல்கத்தா மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய். முட்டைகளைப் பெற ஊசிவழி ஊக்கிகள் செலுத்தப்படும் மாதத்தில் கருப்பையின் இயல்பு மாறிவிடும். ஆகவே அவர் கருவை உறையவைத்து, பின்வந்த இயல்பான சுழற்சியொன்றில் சேர்த்தார். 1978 அக்டோபர் 3 அன்று ‘துர்கா’ என அறியப்பட்ட பெண்குழந்தை பிறந்தது. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்தது அதே ஆண்டு சூலை 25 அன்றுதான். ஆயினும் அரசு அமைத்த குழு அவர் கூற்றை ஏற்கவில்லை. 1981இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய குறிப்புகளை ஆராய்ந்த அறிவியலறிஞர் டி. சி. ஆனந்தகுமார், 1997இல் அப்பெருமை முகோபாத்யாய்க்கே உரியது என எழுதினார். உரிய நாளின் அருமையை அறிந்தவருக்கு உரிய நாளில் நீதி கிட்டவில்லை.

இவ்வறிவு நம் மொழிக்கும் ஒரு கடமையை உணர்த்துகிறது. ‘மலடி’ என்னும் சொல் வழங்கிய அளவுக்கு ‘மலடன்’ என்னும் சொல் நம்மிடையே வழங்கவில்லை. கரு பதியாமைக்குக் கருவின் தன்மை, விந்தணு, முட்டை, நாட்பொருத்தம் எனப் பல காரணங்கள் இருக்க, பழி ஒருத்தியின்மீதே விழுந்தது. வகுப்பறையில் இனப்பெருக்கம் கற்பிக்கும் ஆசிரியர் இரு கடிகாரங்களின் கதையைச் சொல்லட்டும். அதைக் கேட்டு வளரும் மாணவர் நாவில் அவ்வசைச்சொல் எளிதில் எழாது.