அமரேனா என்னும் தாய்க்கரடி

உரோமை நகருக்குக் கிழக்கே, அப்பெனைன் மலைத்தொடரின் அப்ரூட்சோ பகுதியிலும் அதை ஒட்டிய மலைகளிலும் மட்டுமே வாழும் பழுப்புக் கரடி இனம் ஒன்று உண்டு. மார்சிக்கன் கரடி என்பது அதன் பெயர். எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 60 தான். நம் பங்குகளில் மறைக்கல்வி வகுப்புக்கு இதைவிட அதிகமான பிள்ளைகள் வருவார்கள்!

கரடி என்றதும் நமக்கு அச்சமே முந்திக்கொண்டு வருகிறது. ஆனால் இவற்றின் உணவு பெரும்பாலும் புல், காட்டுப் பழங்கள், எறும்புகள். இலையுதிர் காலத்தில் பீச் மரக் கொட்டைகளைத் தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, குளிர்காலத்தில் குகைக்குள் அடங்கிவிடும். அங்கேதான் தாய் குட்டி ஈனுகிறது. குட்டிகள் ஓராண்டுக்கும் மேலாகத் தாயுடனேயே திரிவதால், அடுத்த ஈற்றுக்கு மூன்று ஆண்டுகளாவது ஆகும். ஆகவே ஒரு பெண் கரடியின் இழப்பு இங்கே பேரிழப்பு.

ஆடு மேய்ப்போரும் உழவரும் நிறைந்த மலையில், பிற கரடிகளிடமிருந்து பிரிந்து, பல நூற்றாண்டுகள் வாழ்ந்த இனம் இது. மூர்க்கத்தைக் குறைக்கும் மரபணு மாற்றங்கள் இவற்றில் இருக்கலாம் என்று 2017 ஆம் ஆண்டின் ஆய்வு ஒன்று கூறியது.

அமரேனா என்பது ஒருவகைச் செர்ரிப் பழத்தின் பெயர். அப்பழத்தை விரும்பித் தின்ற ஒரு பெண் கரடியை மக்கள் அப்பெயரால் அழைத்தார்கள். 2020 இல் அது நான்கு குட்டிகளுடன் ஊர்ப்புறங்களில் உலவியது. இவ்வினத்தில் இது மிக அரிது. அவற்றுள் ஒன்று 2023 சனவரியில் சாலையில் கார் மோதி இறந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், வடக்கே திரென்தினோ மலையில், சுலோவேனியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கரடிகளின் வழிவந்த ஒன்று ஓர் இளைஞரைக் கொன்றது. இத்தாலியெங்கும் அச்சம் பரவியது. ஆகஸ்டு 31 அன்று இரவு அமரேனா சுட்டுக் கொல்லப்பட்டது. பயத்தால் சுட்டதாகச் சுட்டவர் சொன்னார். உடன்வந்த இரு குட்டிகளும் இருளில் ஓடி மறைந்தன. அவற்றைப் பிடித்துக் காக்க எடுத்த முயற்சியும் பலிக்கவில்லை.

அப்ரூட்சோ தேசியப் பூங்கா 1923 முதல் அரசுச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளது. ஆனால் கரடிக்குப் பூங்காவின் எல்லை தெரியுமா? எனவே ஊர்களிலும் வேலை நடக்கிறது. கோழிக்கூடுகளுக்கும் தேன்கூட்டுப் பெட்டிகளுக்கும் மின்வேலி போடுகிறார்கள்; சேதத்திற்கு இழப்பீடு தருகிறார்கள். திறந்த நீர்த்தொட்டிகளும் ஆபத்தே. வில்லாவல்லெலோங்கா என்ற ஊரின் மலைத்தொட்டியில் 2010 இல் இரு கரடிகள் மூழ்கி இறந்தன. 2018 இல் ஒரு தாயும் இரு குட்டிகளும் அதே தொட்டியில் மூழ்கின.