சுரங்கத்தை நிறுத்திய கவர்னர்

நம் நாட்டில் கவர்னரை மத்திய அரசு நியமிக்கிறது. அமெரிக்காவில் அப்படி அல்ல. மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் முதல்-மந்திரி போன்றவர் அவர்.

2010 முதல் 2018 வரை நியூஜெர்சி மாநில கவர்னராக இருந்தவர், கிறிஸ் கிறிஸ்டி. அவருடைய கண் ஜனாதிபதி பதவி மீது இருந்தது.

பழைய பாதை

நியூஜெர்சியில் குடியிருந்து நியூயார்க்கில் வேலை பார்ப்பவர்கள் ஏராளம். ஹட்சன் ஆற்றுக்கு அடியில் செல்லும் ரெயில் சுரங்கம் 1910-ல் திறக்கப்பட்டது. போக ஒரு பாதை, வர ஒரு பாதை. ஒரு ரெயில் பழுதானால் பின்னால் வருவதெல்லாம் நிற்கும்.

புதிய சுரங்க வேலை 2009-ல் தொடங்கியது. செலவு கட்டாது என்று 2010-ல் கிறிஸ்டி நிறுத்திவிட்டார். மத்திய அரசின் 300 கோடி டாலர் கைநழுவியது. மாநிலத்தின் பங்குப் பணம் சாலைகளுக்குத் திரும்பியது. பெட்ரோல் வரியை உயர்த்தாதவர் என்ற பெயருக்காகவே இப்படிச் செய்தார் என்று எதிர்ப்பாளர்கள் சாடினார்கள்.

2012-ல் சாண்டி புயலின்போது பழைய சுரங்கத்தில் உப்புநீர் புகுந்தது.

பென்சன்

அரசு ஊழியர்களின் பென்சன் பிடித்தம் 2011-ல் உயர்ந்தது. அரசும் தன் பங்கைக் கட்டும் என்று சட்டம் சொன்னது. ஊழியர்கள் கட்டினார்கள். 2014-ல் கவர்னர் அரசின் பங்கைக் குறைத்தார்.

கிடைத்தது என்ன?

2016-ல் நியூஹாம்ப்ஷயர் கட்சித் தேர்தலில் கிறிஸ்டிக்கு ஆறாவது இடம். மறுநாளே விலகினார். 2024-ல் மீண்டும் முயன்று, முதல் ஓட்டு விழும் முன்பே ஒதுங்கினார்.

அன்று 870 கோடி டாலர் என்று மதிப்பிட்ட சுரங்கம், 2023-ல் மீண்டும் தொடங்கியபோது சுமார் 1,600 கோடி ஆகிவிட்டது. நாற்காலியும் இல்லை, சுரங்கமும் இல்லை. நெரிசலில் நின்றது, வேலைக்குப் போகிறவன்தான்.