பாம்பன் வழியாக இரண்டாம் டெர்ம்

சென்னை எழும்பூரிலிருந்து ராமேஸ்வரம் வரும் ரயிலுக்கு இன்றும் ‘போட் மெயில்’ என்றுதான் பேச்சு. இலங்கைக்கு ஓடிய போட் நின்று நாற்பது ஆண்டு ஆகிறது. பெயர் மட்டும் பாம்பன் பாலத்தைத் தாண்டி வந்துகொண்டிருக்கிறது. வெளிநாட்டில் படிக்கும் பிள்ளை விடுமுறை முடிந்து திரும்புகிறது என்றால் இப்போது விமான நிலையமும் விசா முத்திரையும்தான் நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் அந்தப் பயணம் இந்த ராமேஸ்வரம் தீவு வழியாகத்தான் நடந்தது. கிளம்பியவர்கள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள். அவர்களுக்கு வெளிநாடு, நம் ஊர்.

இந்த வழக்கம் பாலத்தை விடப் பழையது. 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளை, விசுவநாதபிள்ளை இருவருமே யாழ்ப்பாணத்தார். இலங்கையில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது 1921-இல், முழுப் பல்கலைக்கழகம் 1942-இல். அதுவரை பட்டம் வேண்டுமென்றால் லண்டன், கல்கத்தா, சென்னை என்று வெளியேதான் பார்க்க வேண்டும். 1929-இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்ததும் வீட்டுக்கு இன்னும் பக்கமாக ஓர் இடம் கிடைத்தது.

கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ ஒருமுறை யாரும் அனுப்பிவிடலாம். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த பிள்ளை, கல்லூரி திறக்கும் நாளுக்குள் மறுபடி போய்ச் சேர வேண்டுமே! அதற்குத் தினப்படி ஓடும் வழி வேண்டும். 1914 பிப்ரவரி 24 அன்று திறந்த பாம்பன் ரயில் பாலம் கொடுத்தது அதைத்தான்.

வழி எப்படி? வரைபடத்தில் யாழ்ப்பாணமும் ராமேஸ்வரமும் கூப்பிடு தூரம். ரயிலிலோ தலையைச் சுற்றி மூக்கைத் தொட்ட கதை. யாழ்ப்பாணத்திலிருந்து தெற்கே மதவாச்சி வரை இறங்கி, வண்டி மாறி, மறுபடி வடமேற்கே மன்னார் தாண்டித் தலைமன்னார் துறைக்கு வர வேண்டும். அங்கே இர்வின், கோஷென் போன்ற நீராவிக் கப்பல்கள். இரண்டு, மூன்று மணி நேரக் கடல். தனுஷ்கோடித் துறையில் இறங்கினால் பக்கத்திலேயே மீட்டர்கேஜ் ரயில் காத்திருக்கும். பாம்பன் பாலத்தை அது ஊர்ந்து கடந்து, மண்டபம், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் என்று போகும். அண்ணாமலை மாணவர் சிதம்பரத்தில் இறங்கிக்கொள்வார். மற்றவர் எழும்பூர் வரை.

வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்தப் பயணத்துக்கு பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. தடை வீட்டுக்குப் போகும்போதுதான் வந்தது. கொள்ளைநோய், காலரா, அம்மைக்குப் பயந்து இலங்கை அரசு நம் கரையிலேயே, மண்டபத்தில், தனிமைப்படுத்தும் முகாம் வைத்திருந்தது. தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கூலித் தொழிலாளர்கள் அங்கே நாட்கணக்கில் அடைபட்டுக் கிடந்தார்கள். மேல்வகுப்புச் சீட்டுக்காரர்களுக்கு அந்தச் சிறை இல்லை. ஒரே ரயிலில் வந்தவர்களை நோய்க்கிருமி டிக்கெட் பார்த்தா பிடித்தது என்று கேட்க ஆளில்லை.

1948-இல் சுதந்திரம் பெற்ற இலங்கை, அதே ஆண்டு குடிவரவுச் சட்டம் இயற்றியது. பாஸ்போர்ட், விசா என்று காகிதம் கூடியது. ஆனாலும் வழி மூடவில்லை. 1966-இல் இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைக்கும்வரை இரு நாட்டு ரூபாய்க்கும் ஒரே மதிப்பு. வீட்டிலிருந்து வரும் பணம் மாற்றத்தில் கரையாது.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் ஆட்களோடு கடலில் போனது. ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையிலான குழு 46 நாளில் பாலத்தைச் சீர்செய்தது. தனுஷ்கோடித் தடம் திரும்பவில்லை. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறி ஓடியது. அவ்வளவு பெரிய புயலுக்குப் பிறகும் மாணவர் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

அவர்கள் வரவை நிறுத்தியது அன்னியச் செலாவணி. 1970-இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு, இந்தியாவில் படிக்கப் போகும் தமிழ் மாணவர்களுக்குச் செலாவணி தருவதை நிறுத்தியது. தமிழ்நாட்டுப் புத்தகம், பத்திரிகை, சினிமாவுக்கும் தடை வந்தது. அடுத்து, உள்ளூர்ப் பல்கலைக்கழக நுழைவில் தமிழ் மாணவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் கேட்ட ‘தரப்படுத்தல்’. வெளிக்கதவும் உள்கதவும் ஓரிரு ஆண்டுக்குள் சாத்தப்பட்டதன் விளைவை இலங்கை வெகுகாலம் அனுபவித்தது. யாழ்ப்பாணத்துக்குப் பல்கலைக்கழக வளாகம் கிடைத்தது 1974-இல்.

1980-களில் கப்பலும் நின்றது. 1983-க்குப் பிறகு அதே கடலில் மீன்பிடிப் படகுகளில் அகதிகள் வந்தார்கள். அவர்களை ஏற்றதும் அந்தப் பழைய மண்டபம் முகாம்தான்.

2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு ரயில் திரும்பியது. 2025 ஏப்ரல் 6 அன்று பாம்பனில் புதிய தூக்குப் பாலம் திறந்தார்கள். இரண்டு கரையிலும் தண்டவாளம் இருக்கிறது, நடுவில் கப்பல் இல்லை. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023-இல் தொடங்கினாலும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நின்றுவிடுகிறது. சென்னையில் படிக்கும் தலைமன்னார் மாணவர் ஒருவர் விடுமுறை முடிந்து திரும்ப, பழைய துறையடியில் ரயிலேறி, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொழும்புப் பக்கம் போகிறார், விமானம் பிடிக்க.