கபடி வீரரின் பிடிக்கு வலுச் சேர்க்கும் பந்து

அரூர், பென்னாகரம், பாலக்கோடு வட்டாரங்களில் பொங்கல் நெருங்கினால் கபடி ஆடுகளங்கள் களைகட்டிவிடும். ஆட்டத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரும் இளைஞர்களும் அவர்களுடன் வரும் பெற்றோரும் எங்களிடம் கேட்பது ஒன்றே: மீண்டும் எப்போது களத்தில் இறங்கலாம்? அதற்கான விடையில் ஒரு பகுதி, இயன்முறை மருத்துவப் பிரிவில் உள்ள காற்றடைத்த பெரிய பந்தில் இருக்கிறது.

இப்பந்தை 1963இல் இத்தாலியைச் சேர்ந்த அக்விலினோ கோசானி என்னும் பிளாஸ்டிக் உற்பத்தியாளர் உருவாக்கினார். சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய மேரி குவின்டன் என்னும் இயன்முறை மருத்துவர், மூளை முடக்குவாதம் கொண்ட குழந்தைகளின் சிகிச்சையில் அதைப் பயன்படுத்தினார். 'சுவிஸ் பந்து' என்ற பெயர் இவ்வாறு வந்ததே. சிகிச்சை அறையில் பிறந்த பயிற்சிதான் பின்னர் விளையாட்டு வீரர்களிடம் சென்றது.

பாடிச் செல்பவரின் காலையோ தொடையையோ இடுப்பையோ எதிரணியினர் பிடிக்கும்போது, கைவலிமை மட்டுமே அங்கு வேலை செய்வதில்லை. தரையை உந்தும் பாதத்தின் விசை, இடுப்பு வழியாகவும் உடற்பகுதி வழியாகவும் கைகளைச் சென்றடைகிறது. வயிற்றின் ஆழ்தசைகளும் முதுகெலும்பை ஒட்டிய தசைகளும் தளர்ந்திருந்தால், அவ்விசை இடையிலேயே சிதறுகிறது. சுமையை முதுகுத்தண்டு ஏற்கிறது. உருளும் பந்தின்மீது உடலை நிலைநிறுத்த முயலும்போது இத்தசைகள் தாமாகவே விழித்துச் செயற்படுகின்றன.

பந்தின் மீது அமர்ந்து பாதங்களைத் தரையில் ஊன்றினால், முழங்கால்கள் ஏறத்தாழ செங்கோணத்தில் மடங்க வேண்டும். நடுத்தர உயரமுள்ளோருக்கு 55 அல்லது 65 சென்டிமீட்டர் விட்டமுள்ள பந்து பொருந்தும்.

மருத்துவரின் ஒப்புதலுக்குப் பின் நாங்கள் கற்றுத்தரும் பயிற்சிகள் நான்கு:

1. பந்தின் மீது நிமிர்ந்து அமர்ந்து, ஒரு பாதத்தைச் சற்றே உயர்த்தி 10 நொடிகள் நிலைத்திருத்தல். பின் மறுபாதம்.

2. மல்லாந்து படுத்து, கெண்டைக்கால்களைப் பந்தின் மீது வைத்து இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்குதல்.

3. அதே நிலையில் இடுப்பை உயர்த்தியபடி, குதிகால்களால் பந்தைத் தன்பக்கம் இழுத்தல். பின்தொடைத் தசை வலுவடைய இது உதவும்.

4. முழங்காலிட்டு, முன்கைகளைப் பந்தின் மீது ஊன்றி, முதுகு வளையாமல் பந்தைச் சிறிது முன்னே உருட்டி மீட்டல்.

ஒவ்வொன்றையும் 8 முதல் 10 முறை, ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். மூச்சை அடக்கக் கூடாது. கபடி வீரர்களுக்கு எளிய வழி உண்டு: பயிற்சியின்போது 'கபடி கபடி' என்று மெல்லப் பாடுங்கள். களத்திலும் மூச்சை வெளியிட்டுக்கொண்டேதானே போராட வேண்டியிருக்கிறது!

பந்துப் பயிற்சி மட்டுமே பிடியை வலுவாக்கிவிடாது. ஆடும் பரப்பில் பெருவிசையைச் செலுத்த இயலாது. ஆகவே உறுதியான தரையில் செய்யும் வலுப்பயிற்சியும் களப் பயிற்சியும் இன்றியமையாதவை. முதலில் வலியின்றி நடை, பின்னர் ஓட்டம், அதன்பின் திடீரெனத் திரும்புதல், பிறகு நண்பருடன் மெதுவான பிடி, இறுதியில் முழு ஆட்டம் என்பதே முறை. ஒரு படியில் வலி திரும்பினால் முந்தைய படிக்கே செல்க. போட்டித் தேதியைக் கருதிப் படிகளைத் தாண்டுவோர், வாரங்களில் ஆறக்கூடிய வலியை ஆண்டுக்கணக்கில் சுமக்க நேரிடலாம்.

உடனிருப்போர் செய்ய வேண்டியவை சில உண்டு. பந்தைச் சுவரோரமாக, வழுக்காத விரிப்பின் மீது வையுங்கள். தொடக்க நாள்களில் அருகில் நின்று பந்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கூரான கற்களோ ஆணிகளோ கிடக்கும் முற்றத்தில் பயன்படுத்தாதீர்கள். "இன்னுமா வலிக்கிறது?" என்று அவசரப்படுத்தாமல் இருப்பதும் பேருதவியே.

தலைச்சுற்றல், எலும்புத் தேய்மானம், ஆறாத எலும்பு முறிவு ஆகியவை உள்ளவர்கள் தாமாக இப்பயிற்சியைத் தொடங்கக் கூடாது. காலில் பலவீனம், தொடைகளுக்கிடையே மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலத்தைக் கட்டுப்படுத்த இயலாமை ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் காத்திராமல் அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

தொலைவிலுள்ள மலைக்கிராமங்களிலிருந்து வர இயலாதோர், 2021இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை மருத்துவம் பெற இயலுமா என்று தங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம். பந்து வாங்க வசதியில்லாதோர் வருந்த வேண்டா. விரிப்பின் மீது தரையிலேயே செய்யத்தக்க மாற்றுப் பயிற்சிகளையும் எங்கள் பிரிவில் கற்றுத்தருகிறோம்.