யாருக்கு வராது என்று சொல்லும் சோதனை

கர்ப்ப காலத்தில் வரும் நீரிழிவைக் கண்டுபிடிக்க இன்றைக்கு நம்பகமான வழி குளுக்கோஸ் குடிக்க வைத்துப் பார்ப்பதுதான். 24 முதல் 28 வாரத்துக்குள், இரவு முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் வந்து இரத்தம் கொடுக்க வேண்டும். பிறகு 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்துவிட்டு, ஒரு மணி நேரத்திலும் இரண்டு மணி நேரத்திலும் மறுபடியும் கொடுக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2013இல் ஏற்ற அளவுகோலின்படி 92, 180, 153 (மி.கி./டெ.லீ.) என்ற மூன்று எல்லைகளில் ஒன்றைத் தொட்டாலே நோய் உறுதி. குடித்ததை வாந்தியெடுத்தால் இன்னொரு நாள் வர வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் உட்கிராமம் ஒன்றிலிருந்து வெறும் வயிற்றோடு புறப்படும் பெண்ணுக்கு இது ஒரு பகற்பொழுதின் வேலை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் தூரம் குறைந்தது. பசியும் காத்திருப்பும் குறையவில்லை.

முதல் மூன்று மாதத்திலேயே ஒரு குழாய் இரத்தத்தை வைத்து முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்ற தேடல் இதனால்தான் கவனத்துக்குரியது. நஞ்சுக்கொடி வளர வளர அதிலிருந்து சுரக்கும் ஓமோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையைக் கடினமாக்குகின்றன. அதை ஈடுசெய்யும் அளவுக்கு இன்சுலின் சுரக்காத பெண்ணுக்குச் சீனி ஏறுகிறது. அந்தப் பலவீனம் பெரும்பாலும் கர்ப்பத்துக்கு முன்பே உடலில் இருக்கிறது. கொழுப்புக் கலங்கள் சுரக்கும் அடிப்போனெக்டின் குறைந்திருக்கும். பாலின ஓமோன்களைச் சுமந்து செல்லும் ஒரு புரதமும் குறைந்திருக்கும். இவற்றை அளந்து எதிர்வுகூறலாம் என்று உலகெங்கும் கட்டுரைகள் குவிகின்றன. ஆனால் ஒரு குறிகாட்டி நோயோடு தொடர்புடையது என்பது வேறு, அதை வைத்து ஒரு பெண்ணிடம் ஏதாவது சொல்ல முடியும் என்பது வேறு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு கர்ப்பிணிகளில் 15 பேருக்கு இந்த நீரிழிவு வரப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். வரப்போகிறவர்களில் நூற்றுக்கு 80 பேரையும், வராதவர்களில் நூற்றுக்கு 80 பேரையும் சரியாக இனங்காணும் சோதனை ஒன்று கிடைக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அது 15 பேரில் 12 பேரைப் பிடிக்கும். வராத 85 பேரில் 17 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். “உங்களுக்கு வரலாம்” என்று சொல்லப்படும் 29 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் வீணாகப் பயந்தவர்கள். பயம் சோற்றுக் கோப்பையில்தான் முதலில் தெரியும்: சாப்பாட்டைக் குறைப்பார்கள். நிறை குறைந்த பிள்ளைகள் பிறப்பது இன்னும் தீராத நாட்டில் அது சின்ன விஷயமல்ல. இதே கணக்கை மறுபக்கத்திலிருந்து பாருங்கள்: “வராது” என்று சொல்லப்படும் 71 பேரில் 68 பேருக்கு உண்மையிலேயே வராது. ஆக, இத்தகைய சோதனையின் பெறுமதி நோயை ஆரூடம் சொல்வதில் இல்லை. யார் குளுக்கோஸ் குடிக்கத் தேவையில்லை என்று காட்டுவதில் இருக்கிறது.

இந்தக் கோணத்தில் பார்த்தால் அடிப்போனெக்டினை விட, நீரிழிவுக் கிளினிக்குகளில் எல்லோருக்கும் பழகிப்போன எச்.பி.ஏ.1.சி என்ற இரத்தச் சோதனை முன்னுக்கு வருகிறது. தென்னிந்தியா, கென்யா, பிரித்தானியா ஆகிய இடங்களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து அவதானித்து 2024இல் வெளியான ஆய்வில், ஆரம்பத்தில் பார்த்த இந்த ஒரு சோதனையோடு வயது, உடல் நிறைச் சுட்டி, குடும்பத்தில் நீரிழிவு ஆகியவற்றைச் சேர்த்தபோது, பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் குளுக்கோஸ் சோதனையைத் தவிர்க்கலாம் என்று தெரிந்தது. அந்த மூன்று விபரங்களும் நம் குடும்பநல மாது முதல் சந்திப்பிலேயே கேட்டும் அளந்தும் எழுதக்கூடியவை. இன்னொரு வசதியும் உண்டு. எடுத்த இரத்தத்தில் குளுக்கோஸ் குறைந்துகொண்டே போகும், ஏனென்றால் குழாயிலும் இரத்தக் கலங்கள் அதைத் தின்றுகொண்டிருக்கும். வெயிலில் ஆய்வுகூடம் போய்ச் சேருவதற்குள் அளவு பொய்த்துவிடலாம். எச்.பி.ஏ.1.சிக்கு அந்தச் சிக்கல் இல்லை. சாப்பிட்டுவிட்டும் வரலாம்.

இதற்கு வலுவான ஆட்சேபம் இரத்தச்சோகை. இரும்புச்சத்துக் குறைவு இந்த அளவை உயர்த்திக் காட்டும். தலசீமியா போன்றவை வேறு விதமாகக் குழப்பும். எனவே தென்னிந்தியாவிலோ கென்யாவிலோ பொருந்திய எல்லையை அப்படியே படுவான்கரைக்குக் கொண்டுவருவது தவறு. ஆனால் இரத்தச்சோகையும் முதல் கிளினிக்கிலேயே பார்க்கப்படும் ஒன்றுதான். அது உள்ளவர்களை நேராகக் குளுக்கோஸ் சோதனைக்கு அனுப்பலாம். “வராது” என்று சொல்லப்பட்ட 71 பேரில் தவறாக விடுபடும் அந்த மூன்று பேரின் கதி என்ன என்று கேட்பதும் நியாயம். ஆனால் தூரத்தாலும் வாந்தியாலும் சோதனையே செய்துகொள்ளாமல் விடுபடுகிறவர்களையும் அதே தராசில் வைக்க வேண்டும். ஆரம்பத்திலேயே மருந்து தொடங்கலாமே என்பார் சிலர். 2023இல் வெளியான டொபோகம் (TOBOGM) என்ற ஆய்வில், 20 வாரத்துக்கு முன் சிகிச்சை பெற்றவர்களின் குழந்தைகளுக்குச் சிக்கல்கள் ஓரளவு குறைந்தன, உண்மைதான். ஆனால் அவர்கள் குளுக்கோஸ் குடித்து நோய் உறுதியானவர்கள். எதிர்வுகூறலை நம்பி யாரும் சிகிச்சை பெறவில்லை.

மிஞ்சியிருப்பது இங்குள்ள இரத்தத்தில் இதைச் சரிபார்க்கும் வேலை. ரஜரட்ட பல்கலைக்கழகம் 2019இல் அநுராதபுர மாவட்டக் கர்ப்பிணிகளைத் திரட்டி ஒரு பெரிய தொடர் ஆய்வைத் தொடங்கிக் காட்டியது. மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலையும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்வியும் இருக்கின்றன. முதல் கிளினிக்குக்கு வரும் ஒவ்வொரு பெண்ணிடமும் எச்.பி.ஏ.1.சிக்கும் கொஞ்சம் இரத்தம் எடுத்துவைத்து, 28ஆம் வாரத்தில் இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் படுவான்கரைக்குரிய எல்லை எது என்று தெரிந்துவிடும்.