சுக்காங்கல் குடித்த அமிலம்

நாம் விடும் மூச்சு – 14

தீபாவளிக்கு மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வராமல் இருக்காது. ‘இன்று பெய்வது ஆசிட் மழை. யாரும் நனையாதீர்கள், பிள்ளைகளை வெளியே விடாதீர்கள்.’ எழுதியவர் யாரென்று தெரியாது. நம்பிக்கைக்காகக் கீழே ‘நாசா’ என்று போட்டிருக்கும். அதைப் படித்து மிரண்டுபோன மதுரைத் திருநகர் மூன்றாவது ஸ்டாப் வாசகி ஒருவர், மொட்டை மாடித் தண்ணீரைத் தொட்டிக்குக் கொண்டுபோகும் குழாயை ஐப்பசி முழுக்க அடைத்தே வைத்துவிட்டதாக எழுதியிருக்கிறார். திறக்கலாமா என்பது அவர் கேள்வி.

தாராளமாகத் திறங்கள் அம்மா. வருஷத்தின் முதல் இரண்டு மழையை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள். அதுகூட அமிலத்துக்காக இல்லை, மாடியில் கிடக்கும் காக்கை எச்சத்துக்காக. அமில மழை யார் தோலையும் பொத்துவிடாது. 1974 ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் பிட்லோக்ரியில் பிஎச் 2.4 என்று ஒரு மழை பெய்தது. உலக அளவில் பேசப்பட்ட அந்த மழையில் நனைந்தவர்களும் வீட்டுக்குப் போய்த் தலை துவட்டிக்கொண்டார்கள். பாதிக்கப்படுவது ஏரி, மீன், மண், மரம், சுண்ணாம்புக் கட்டடம். அதுவும் ஒரு நாளில் அல்ல, வருஷக்கணக்கில்.

ஆனால் வாசகியின் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது. நிலக்கரி எரிக்கும் நாடு இது. தூத்துக்குடியில் 1,050 மெகாவாட் அனல்மின் நிலையம், வடக்கே நெய்வேலி, பக்கத்தில் கந்தகத்தோடு பிழைக்கும் சிவகாசி. இத்தனையும் இருந்தும் மதுரைச் சமவெளியில் அமில மழை ஏன் ஒரு பிரச்சினையாகப் பேசப்படவே இல்லை?

முதலில் அது எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிடுவோம். நிலக்கரியில் கந்தகம் உண்டு. நம் நாட்டு நிலக்கரியில் அது குறைவு, அரை சதவீதத்தை ஒட்டி. குறைவுதானே என்று விட முடியாது: அந்த அரை சதவீதமே ஒரு டன் எரித்தால் 10 கிலோ கந்தக டை ஆக்சைடாகப் புகைபோக்கி வழியே போகிறது. வண்டி எஞ்சினிலும் கொதிகலனிலும் கடும் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனே எரிந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகின்றன. இவை இரண்டும் புறப்படும்போது அமிலம் அல்ல, வெறும் வாயு. அமிலமாவது வழியில்.

அந்த வழிக்கதையை விஞ்ஞானிகள் அவிழ்க்க நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. மான்செஸ்டரில் ஆலைப்புகைக்கு நடுவே இருந்த வேதியியலாளர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித், நகரத்துக்குள் பெய்யும் மழையில் கந்தக அமிலம் இருப்பதை 1852-லேயே கண்டு சொன்னார். 1872-ல் காற்றையும் மழையையும் பற்றித் தடித்த புத்தகமே போட்டார். அதற்குப் பிறகு முக்கால் நூற்றாண்டுக்கு அதைப் பெரிதாக யாரும் சீந்தவில்லை.

இன்றைக்குத் தெரிவது இது. வெயில் நேரத்தில் காற்றில் ஹைட்ராக்ஸில் என்ற மூலக்கூறுத் துண்டு உருவாகிறது. அதன் ஆயுள் ஒரு விநாடி அளவுதான். அதற்குள் கண்ணில் பட்டதை எல்லாம் பிடித்து ஆக்சிஜனேற்றிவிடும். நைட்ரஜன் டை ஆக்சைடு அதனிடம் சிக்கினால் நேராக நைட்ரிக் அமிலம். கந்தக டை ஆக்சைடு சிக்கினால் ஓரிரு படி தாண்டிக் கந்தக அமிலம். ஆனால் கந்தகத்துக்கு இந்த வழி மெதுவானது, மணிக்கு ஓரிரு சதவீதம் மாறினாலே அதிகம். வேகமான வழி மேகத்துக்குள் இருக்கிறது. மேகத் துளியில் கந்தக வாயு கரைகிறது. அதே துளியில் ஹைட்ரஜன் பெராக்சைடும் கரைந்திருக்கிறது. காயம் கழுவ மருந்துக்கடையில் வாங்குகிறோமே, அதே பெராக்சைடுதான். இரண்டும் ஒரே துளிக்குள் சந்தித்தால் மணிக்கணக்கு வேலை நிமிஷக்கணக்கில் முடிந்துவிடுகிறது. அமில மழைக்குப் புகைபோக்கி மட்டும் போதாது, மேகமும் வேண்டும். பெரும்பாலான சமையல் அங்கேதான் நடக்கிறது.

மேகத்துக்குள்ளேயே அமிலத்தைச் சேர்த்துக்கொண்டு துளி இறங்குவது ஒரு கட்டம். இறங்கும் வழியில் மேகத்துக்கும் தரைக்கும் இடையில் மிதக்கும் வாயுவையும் தூசியையும் வாரிக்கொண்டு வருவது அடுத்த கட்டம். இந்த இரண்டாவதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மதுரைக் கதையே அதில்தான் இருக்கிறது.

பரவும் கதைக்கு ஸ்வீடன் போக வேண்டும். ஸ்வாந்தே ஓடேன் என்ற மண் விஞ்ஞானி, ஐரோப்பாவெங்கும் பல வருஷமாக மழைநீரைச் சேகரித்து வைத்திருந்த நிலையங்களின் கணக்கை எடுத்து வரைபடத்தில் போட்டார். ஸ்வீடனில் மீன் செத்துக்கொண்டிருந்த ஏரிகளுக்குப் பக்கத்தில் பெரிய ஆலைகள் எதுவும் இல்லை. அமிலத்தின் மையம் பிரிட்டன், ஜெர்மனி பக்கம் இருந்தது. அங்கிருந்து வருஷத்துக்கு வருஷம் வடக்கே விரிந்தது. 1967 அக்டோபரில் அவர் இதை ஆய்விதழுக்கு முன்பே ‘டாகென்ஸ் நீஹெட்டர்’ நாளிதழில் எழுதிவிட்டார். பக்கத்து நாடுகள் ஒப்புக்கொள்ளவில்லை. 1972-ல் தொடங்கி 1977-ல் முடிந்த பன்னாட்டு ஆய்வு அவர் பக்கம் நின்றது: ஸ்வீடனிலும் நார்வேயிலும் விழுந்த கந்தகத்தில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வந்தது. 1979-ல் ஜெனீவாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

இதில் உள்ள வேடிக்கையைச் சொல்லாமல் விட மனசில்லை. உள்ளூர்க்காரர்கள் இருமுகிறார்கள் என்று புகைபோக்கியை உயர்த்திக் கட்டினார்கள். உள்ளூர் இருமல் குறைந்தது. புகை அடுத்த நாட்டுக்குப் போனது. கனடாவின் சட்பரியில் 381 மீட்டருக்கு ஒன்றை நட்டார்கள். நம் நாட்டு விதியிலும் 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள யூனிட்டுக்குப் புகைபோக்கி 275 மீட்டர் இருக்க வேண்டும். அவ்வளவு உயரத்தில் விட்ட கந்தகம் சில நாள் வானத்தில் இருக்கும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். ஐப்பசியில் வாடைக்காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்தால், நெய்வேலிப் புகைக்கு மதுரை அரை நாள் பயணம்.

அப்படியானால் அமிலம் எங்கே போனது?

திருநகரிலிருந்து பஸ் ஏறித் திருமங்கலம் தாண்டி, டி.கல்லுப்பட்டி ரோட்டில் ஏதாவது ஒரு புஞ்சையில் இறங்குங்கள். கரிசல் மண். உழுத சாலில் வெள்ளையாகக் கொட்டைப்பாக்கு அளவில் கல் கிடக்கும். சுக்காங்கல். கையில் எடுத்தால் கரடுமுரடாக, உடைத்தால் உள்ளே மாவு போல இருக்கும். அதன் மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழியாகச் சீறி நுரை கிளம்பும். கொஞ்ச நேரம் கழித்துப் பிழிந்த சாற்றை நாக்கில் வைத்தால் புளிப்பு மட்டுப்பட்டிருக்கும். கால்சியம் கார்பனேட் அமிலத்தைக் குடித்துவிட்டது. இதே சுண்ணாம்பை நம்பித்தான் பந்தல்குடியில் சுரங்கமும் ராமசாமிராஜா நகரில் சிமெண்டு ஆலையும் வந்தன.

இந்த மண்ணை ஆடிக்காற்று தூக்குகிறது. துணி காயப்போட முடியவில்லை, திண்ணையை மூன்று தரம் கூட்ட வேண்டியிருக்கிறது என்று திருநகர்ப் பெண்கள் வைகிறார்களே, அந்தப் புழுதிதான். அதில் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்புத் துகள் கலந்திருக்கிறது. மழைத்துளி மேகத்தில் அமிலத்தோடு புறப்பட்டாலும், இறங்கும் வழியில் இந்தத் தூசியைக் குடித்துக்கொண்டு தரைக்கு வரும்போது சாதுவாகிவிடுகிறது. போதாததற்கு மாட்டுச் சாணத்திலிருந்தும் யூரியா போட்ட வயலிலிருந்தும் கிளம்பும் அமோனியா வேறு.

இது மதுரைக்கு மட்டும் உள்ள அதிர்ஷ்டம் இல்லை. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தில் எல்.டி.கெமானியும் கூட்டாளிகளும் 1980-களில் நாட்டின் பல இடங்களில் மழையையும் மேக நீரையும் சோதித்துச் சொன்னது இதைத்தான்: இந்திய மழையைக் காப்பது மண்தூசி. சீனாவிலும் இதே கதை. வடக்கே நிலக்கரி கொஞ்சமா எரிந்தது? ஆனாலும் அங்கே பாலைத்தூசி காப்பாற்றியது. அமில மழையில் அடிபட்டது தூசி இல்லாத தெற்குச் சீனாதான். நமக்குத் தூசி இல்லாத தெற்கு என்றால் மேற்குத்தொடர்ச்சி மலை. அங்கே மண்ணே அமிலத்தன்மை கொண்டது, காடு மூடியிருக்கிறது, புழுதி கிளம்ப வழியில்லை. அதே புனே குழு 1990-களில் சைலன்ட் வேலிக் காட்டு மழையைச் சோதித்தபோது அது சமவெளி மழையைவிட அமிலப் பக்கம் சாய்ந்திருந்தது.

சுத்தமான மழையின் பிஎச் 7 அல்ல, சுமார் 5.6. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு கரைந்தே அவ்வளவு புளிப்பு வந்துவிடும். அதற்குக் கீழே போனால்தான் அமில மழை. ஒரு எண் இறங்கினால் பத்து மடங்கு. இவ்வளவும் பள்ளிக்கூடப் பாடம். பாடம் சொல்லாதது: பிஎச் என்பது மளிகைக்கடைப் பேரேட்டின் கடைசி வரி மாதிரி. வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று அது காட்டாது, மிச்சத்தைத்தான் காட்டும். மதுரை மழை 6-க்கு மேல் இருந்தால் கந்தகம் வரவில்லை என்று பொருள் இல்லை. வந்த கந்தகத்தைச் சுண்ணாம்பு அடைத்துவிட்டது, அவ்வளவுதான். அதனால்தான் ஒழுங்கான ஆய்வுக்கூடம் பிஎச்சோடு நிற்காமல் சல்ஃபேட், நைட்ரேட், கால்சியம், அம்மோனியம் என்று தனித்தனியாக அளக்கும். மழைநீர் பிடிக்கும் பாத்திரத்துக்கும் மூடி உண்டு. முதல் துளி உணர்கருவியில் விழுந்ததும் திறக்கும், மழை விட்டதும் மூடிக்கொள்ளும். திறந்தே வைத்த வாளி என்றால் வெயில்நாள் புழுதி முழுக்க அதில் படிந்து, அமில மழையையும் நல்ல மழை என்று காட்டிவிடும்.

பேரேட்டின் இரண்டு பக்கமும் சேர்ந்து குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1994-ல் விடை கிடைத்தது. அமெரிக்காவில் ஹப்பர்ட் புரூக் காட்டு மழையை 1963-லிருந்து அளந்துவந்த ஜீன் லைகன்ஸும், லார்ஸ் ஹெடின் முதலானவர்களும் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்: ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் கந்தகம் குறைந்தது உண்மைதான், ஆனால் மழையின் அமிலம் எதிர்பார்த்த அளவுக்குக் குறையவில்லை. காரணம், ஆலைச் சாம்பலும் சாலைப் புழுதியும் கூடவே குறைந்துவிட்டன. அமிலத்தைக் குடிக்க ஆள் இல்லை.

இங்கே நாம் கந்தகத்தை விட்டுவிட்டுப் புழுதிப் பக்கத்தை மட்டும் குறைத்துக்கொண்டிருக்கிறோமோ என்பது என் கவலை. 2019-ல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் மதுரையும் இருக்கிறது, தூத்துக்குடியும் இருக்கிறது. நாடு முழுக்க அந்தத் திட்டப் பணத்தில் பெரும்பகுதி சாலைப் புழுதிக்கே போகிறது: பெருக்கும் லாரி, தண்ணீர் தெளிக்கும் லாரி, ஓரத்தில் கல் பதிப்பு. புழுதி குறைவது நல்லது, நுரையீரலுக்கு மிக நல்லது. அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அனல்மின் நிலையப் புகையிலிருந்து கந்தகத்தை நீக்க வேண்டும் என்று 2015 டிசம்பரில் போட்ட விதி, காலக்கெடு மேல் காலக்கெடுவாகத் தள்ளிப்போய், 2025 ஜூலையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலான யூனிட்டுகளுக்கு விலக்காக முடிந்தது. பெருநகரங்களையும் காற்று கெட்ட நகரங்களையும் ஒட்டியவற்றுக்கு மட்டும் தனி ஏற்பாடு. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு, காற்றிலும் கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள் இருக்கிறது என்பது அமைச்சகம் சொன்ன காரணம். செயற்கைக்கோள் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது: 2017-ல் வந்த ஓர் ஆய்வு, சீனா 2007-லிருந்து கந்தக டை ஆக்சைடை முக்கால் பங்கு குறைத்துவிட்டது, இந்தியா பாதி கூட்டிக்கொண்டு முதலிடத்துக்கு வருகிறது என்றது.

அந்தக் கந்தகம் நீக்கும் கருவியில் என்ன இருக்கிறது தெரியுமா? சுண்ணாம்புக்கல். கல்லைப் பொடித்துக் கரைத்துப் புகையில் தெளிப்பார்கள். கந்தகம் ஜிப்சமாகி அடியில் தங்கும். கரிசல் புழுதி வானத்தில் இலவசமாகச் செய்துவரும் வேலையைப் புகைபோக்கிக்குள்ளேயே காசு கொடுத்துச் செய்வது, அவ்வளவே. ஆனால் வித்தியாசம் பெரிது. கருவிக்குள் சிக்கிய கந்தகத்தை யாரும் சுவாசிப்பதில்லை. வெளியே வந்து அமோனியாவோடு சேர்ந்து சாதுவான கந்தகமோ அம்மோனியம் சல்ஃபேட் என்ற நுண்துகளாக மிதக்கிறது. மழைக்கு அது அமிலம் இல்லை; மூச்சுக்குழாய் அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

மீனாட்சியம்மன் கோயில் தூண்களுக்கு ஒன்றும் ஆகாது, கருங்கல். கோபுரத்துச் சுதைக்கும் திருமலை நாயக்கர் மகால் பூச்சுக்கும் அப்படிச் சொல்ல முடியாது. இரண்டுமே சுண்ணாம்பு. புழுதி குடிக்காத அமிலத்தை அவைதான் குடிக்க வேண்டியிருக்கும்.

மாற்றம் தெரிய ஆரம்பித்திருக்கிறதா? இந்திய வானிலை ஆய்வுத் துறை 1970-களிலிருந்தே சில இடங்களில் மழையைப் பிடித்துப் புனேக்கு அனுப்பிச் சோதிக்கிறது. பத்து நிலையங்களின் 1987 முதல் 2021 வரையிலான கணக்கை அண்மையில் அலசியபோது, விசாகப்பட்டினம், பிரயாக்ராஜ், அசாமின் மோகன்பாரி ஆகிய இடங்களில் மழை அமிலப் பக்கம் போயிருந்தது. ஜோத்பூரைத் தார்ப் பாலைத்தூசி இன்னும் தாங்கிப் பிடிக்கிறது. விசாகப்பட்டினம் தூத்துக்குடியைப் போலவே துறைமுகமும் ஆலைகளும் சேர்ந்த ஊர் என்பதைக் கவனியுங்கள்.

அந்தப் பத்தில் தமிழ்நாட்டுக்கு ஒன்றுதான், கொடைக்கானல். 2,300 மீட்டர் உயரத்தில், நம் புழுதிக்கு மேலே. அது மலைக்கு வேண்டிய நிலையம், இருக்கட்டும். கரிசல் சமவெளிக்கு ஒன்று வேண்டாமா? ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் இடம் இருக்கிறது, காமராசர் பல்கலைக்கழகத்தில் வேதியியல் துறை இருக்கிறது. மூடி தானாகத் திறக்கும் பாத்திரம் ஒன்று, மழைக்கு மழை பாட்டிலை எடுத்துப் பெயரெழுதிக் குளிர்ப்பெட்டியில் வைக்க ஓர் ஆய்வு மாணவர். கால்சியம் எவ்வளவு, சல்ஃபேட் எவ்வளவு என்று பத்து வருஷம் எழுதி வைத்தால் போதும். தொடங்க நல்ல மாதம் சித்திரை. கோடை மழையின் முதல் பாட்டிலில்தான் புழுதி அதிகம் இருக்கும்.

(தொடரும்)