கணிதம் கற்கக் கைபேசிச் செயலி: எதைத் தெரிவு செய்வது?

இடம்பெயர்ந்து இரண்டு மூன்று பாடசாலைகள் மாறிய பிள்ளைகளுக்குக் கணிதமே பெருஞ் சுமையாகிறது. வரலாற்றில் ஒரு பாடம் தவறினாலும் அடுத்ததைப் படிக்கலாம். கணிதத்தில் பின்னம் விடுபட்டால் விகிதமும் சதவீதமும் விளங்கமாட்டா. வீட்டிலுள்ள ஒரே கைபேசி இக்குறையைத் தீர்க்க உதவலாம். ஆனால் நல்ல செயலியை எவ்வாறு இனங்காண்பது?

ஒரு கணக்கைக் கொண்டு சோதிப்போம். 1/2 உடன் 1/4 ஐக் கூட்டச் சொன்னால், பல பிள்ளைகள் மேலெண்களையும் கீழெண்களையும் தனித்தனியே கூட்டி 2/6 என எழுதுவர். சில செயலிகள் 'பிழை' என்று மட்டும் காட்டி அடுத்த கணக்குக்குப் போய்விடும். நல்ல செயலி, எங்கே பிழைத்தது என்பதைப் படத்தால் விளக்கும்.

தோட்டம் செய்த எமக்கு இது புதிதல்ல. அரை ஏக்கர் 8 பரப்பு. கால் ஏக்கர் 4 பரப்பு. சேர்த்தால் 12 பரப்பு, அதாவது முக்கால் ஏக்கர். 2/6 என்பதோ மூன்றிலொரு பங்கு. அரை ஏக்கரிலும் குறைவு. காணியோடு காணி சேர்த்தால் குறையுமா?

மேலும் நாம் கவனிக்க வேண்டியவை:

1. பிள்ளையின் தரத்தைப் பாராது, விட்ட இடத்திலிருந்து தொடங்க முடிய வேண்டும். தரம் 8 பிள்ளைக்குத் தரம் 5 கணக்குத் தேவைப்படலாம். அதில் வெட்கமில்லை.

2. தாய்மொழியில் இருப்பது நன்று. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழிலும் பாடங்கள் உண்டு.

3. ஒருமுறை இறக்கிய பின் இணையமின்றி இயங்கினால் டேட்டாச் செலவு மிஞ்சும். 2019 இல் முடிவுற்ற எக்ஸ்பிரைஸ் போட்டிக்காக, தான்சானியாவின் 170 கிராமங்களில் சுவாகிலி மொழிச் செயலிகள் சோதிக்கப்பட்டன. பிள்ளைகள் கைக்கணினியில் எழுத்தும் எண்ணும் தாமாகவே பயின்றனர்.

4. விளம்பரமும் மறைமுகக் கட்டணமும் இருத்தலாகாது. கான் அக்கடமி இலவசமாகவே பாடங்களை வழங்குகிறது.

போட்டோமத் போன்றவை, கணக்கைப் படம் பிடித்தவுடன் விடையையும் வழியையும் தந்துவிடும். பிள்ளை தானே செய்து முடித்த பின் சரிபார்க்க மட்டும் அதைக் கொடுப்போம்.

நாளுக்கு இருபது நிமிடம் போதும். கொப்பியும் பென்சிலும் அருகில் இருக்கட்டும். நமக்குக் கணிதம் தெரியாவிட்டாலும் பக்கத்தில் இருந்து, "எப்பிடிச் செய்தனீ?" என்று கேட்போம். பிள்ளை தன் வாயால் விளக்கிச் சொன்னால் அந்தச் செயலி பயன் தருகிறது. விடையை மட்டும் சொன்னால் வேறொன்றைத் தேடுவோம்.